கூகுள் மேப்ஸ் மட்டும் போதுமா?

புதுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு கேம்ஸ் காட்டுகிறோம். ஊருக்குள் தனியே போய்வரப் பழக்கவும் அது உதவும். ப்ளஸ் ஒன் படிக்கும் என் தங்கைக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்திற்குத் தனியாகப் போக ஆசை. அம்மாவுக்குப் பயம். கூகுள் மேப்ஸில் குரோம்பேட்டை, எழும்பூர் என டைப் செய்து, ரயில் படத்தில் கிளிக் செய்தோம். வழியில் வரும் ஸ்டேஷன்களை நோட்டில் எழுதச் சொன்னேன். (மொபைலில் சார்ஜ் தீரும், நோட்டில் தீராது!)

சனிக்கிழமை அதே பெட்டியில் தள்ளி உட்கார்ந்தேன். ஒரு ஸ்டேஷன் முன்னதாக, சேத்துப்பட்டிலேயே இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன், வாய் திறக்கவில்லை. போர்டைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், அடுத்த ரயிலில் ஏறினாள். இப்படித் தவற விடாமல் நாமே பைக்கில் கொண்டுபோய் விடுவதுதான் தப்பு என்பேன்.

மறுவாரம், "அண்ணா, நீ வர வேண்டாம்" என்றாள். அம்மாதான் மாலை வரை வாசலிலேயே நின்றார்.