உண்டியலும் தண்ணீர் பாட்டிலும்



சில மாதங்களுக்கு முன், தாராவியில் ஒரு விசுவாசியின் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன. அலமாரியின்மேல் ஒரு காலி குளிர்பான பாட்டில் இருந்தது. நாணயம் போடுவதற்கு அதன் மூடியைக் கீறியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. "தம்பி, காசு சேர்ப்பதில்லையா?" என்று அவ்வீட்டு மகனைக் கேட்டேன். "சேர்த்தால் அப்பா எடுத்துக்கொள்வார், பாஸ்டர்" என்றான். தகப்பனார் தலைகுனிந்தார். வாடகைக்குக் குறைந்தபோது, பிறகு தருவதாகச் சொல்லி முந்நூறு ரூபாய் எடுத்திருக்கிறார், திருப்பித் தரவில்லை.

முந்நூறு ரூபாயை மறுபடியும் சேர்த்துவிடலாம். தகப்பனுடைய வார்த்தையின்மேல் இருந்த நம்பிக்கையைச் சேர்ப்பது எளிதல்ல. பரம தகப்பனுடைய வாக்குத்தத்தத்தை நம்புவதற்கு நம் பிள்ளைகள் முதலாவது வீட்டிலேதான் பழகுகிறார்கள்.

ஆகவே, பிள்ளையின் உண்டியலைத் தொட நேர்ந்தால், அவனிடம் கேட்டு எடுங்கள். தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அந்நாளில் தவறாமல் கொடுங்கள். கையில் பத்து ரூபாய் வந்தால், கர்த்தருக்கென்று ஒரு ரூபாயை முதலில் எடுத்து வைக்கவும், பின்பு ஒரு பங்கைச் சேர்க்கவும் கற்றுக்கொடுங்கள். எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள்ளும்படி நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறதல்லவா?

உண்டியல் நிறைந்ததும் பிள்ளையையே அழைத்துக்கொண்டு தபால் நிலையத்திற்குச் செல்லுங்கள். மாதம் 100 ரூபாயில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையொப்பமிடலாம். 10 வயதிற்குட்பட்ட பெண்பிள்ளைக்கு, 2015-இல் அறிமுகமான சுகன்யா சம்ரித்தி கணக்கு உண்டு. ஆண்டுக்கு 250 ரூபாயாவது செலுத்தவேண்டும். 15 ஆண்டுகள் செலுத்தினால் போதும். 21 ஆண்டுகளில் முதிர்வடையும். வேலைக்காக ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்களுக்கு ஒரு நன்மை, இக்கணக்கை இந்தியாவில் எங்கும் மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது சொந்த ஊரில் பெட்டிக்குள் கிடக்குமானால், இம்முறை விடுமுறைக்குப் போகும்போது மறவாமல் எடுத்து வாருங்கள்.

அதே வீட்டில் மற்றொன்றையும் கண்டேன். தாயார் தண்ணீரைக் கருத்தாய்க் கொதிக்கவைத்து, ஆறுமுன்னே அதே வகைப் பழைய பாட்டிலில் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோக ஊற்றினார்கள். நோய்க்கிருமிக்குப் பயந்த அந்தச் சகோதரி, சூட்டில் பிளாஸ்டிக்கிலுள்ள இரசாயனங்கள் அதிகமாய்த் தண்ணீரில் கலக்கும் என்பதை அறியவில்லை.

பாட்டிலின் அடியில் முக்கோணத்திற்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்பது குளிர்பானம், குடிநீர் பாட்டில்கள், வெந்நீருக்கு உதவாது. 3, 6, 7 ஆகியவற்றில் சூடான உணவு வேண்டாம். 5 என்பது ஓரளவு சூடு தாங்கும். ஆனாலும் கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள். எண் 7-இல் அடங்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால்-ஏ உண்டு. அது உடலில் ஹார்மோனைப்போலச் செயல்படக்கூடியது. அதைக்கொண்டு செய்த பால்புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தடைசெய்தது. கடையில் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல், வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுபோங்கள்.

பிள்ளைக்கு எவர்சில்வர் பாட்டிலே உத்தமம். அதை உடனே வாங்கப் பணமில்லையென்றால், அதுவே பிள்ளையின் முதல் சேமிப்பின் இலக்காக இருக்கட்டும். வெந்நீருக்கு ஆகாத பழைய பாட்டில் உண்டியலாக நன்றாகவே உதவும். உள்ளே காசு ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால் பிள்ளைக்கு உற்சாகமும் உண்டாகும்.

அன்று ஜெபித்து முடித்தவுடன் அந்தத் தகப்பனார் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து மகன் கையில் கொடுத்தார். மீதியை இரண்டு சம்பளத்தில் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். சென்ற மாதம் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த மகன் என்னிடம் ஓடிவந்து, தன் புதிய எவர்சில்வர் பாட்டிலை உயர்த்திக் காட்டினான். "அப்பா மீதியும் தந்துவிட்டார், பாஸ்டர்" என்றான்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.