ஓசி கம்ப்யூட்டர்
கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடையில் ருசி பார்க்க ஒரு துண்டு கேட்டால் ஏடிஎம் கார்டு கேட்கமாட்டார்கள். கூகுள் கிளவுடில் கேட்பார்கள். 300 டாலர், 90 நாள் இலவசம்!

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் ராத்திரியில் மெஷின் லேர்னிங் படிக்கிறார்.

"அண்ணாச்சி, டாலரைக் கொடுத்துட்டு ஜிபியு மட்டும் தரமாட்டேங்கான்!"

வாஸ்தவம். இலவசக் கணக்குக்கு ஜிபியு கிடையாது. பணம் கட்டும் கணக்காக மாற்றினால் கிடைக்கலாம். ஆனால் சலுகை தீர்ந்தபின், மெஷினை அணைக்காமல் தூங்கிப்போனால் விடியவிடிய மீட்டர் ஓடும். பட்ஜெட் அலர்ட்? மெயில் மட்டும் அனுப்பும், மெஷினை நிறுத்தாது. அது அவருக்குச் சம்பளம் விழுகிற கார்டு வேறு.

"காகிளுக்குப் போங்க தம்பி. போன் நம்பர் போதும். வாரம் சுமார் 30 மணி ஜிபியு. கோலாப் அதிகபட்சம் 12 மணி ஓடும், கிடைச்சா!"

நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "இன்னும் 11 மணி பாக்கி இருக்கு அண்ணாச்சி" என்று ஓடினார்.