இருவர் போகும் குளிர்காலப் பயணம்: செலவை முடிவு செய்வது நகரம்தான்

டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரையிலான ஒன்பது நாட்களில் இந்தியாவின் நடுத்தர வர்க்கம் மொத்தமாக ஊரைவிட்டுக் கிளம்புகிறது. பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. அலுவலகங்களில் ஆண்டு முடிவதற்குள் எடுத்தாக வேண்டிய விடுப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று எங்கே விசாரித்தாலும் விடுதி வாடகை எகிறியிருக்கிறது. அதே அறைக்கு ஜனவரி மூன்றாம் வாரத்தில் கணிசமாகக் குறைந்த வாடகைதான். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒன்பது நாட்களுக்குள்ளேயே போய் நெருக்கியடிப்பது பழக்கமாகிவிட்டது.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேறு வழியில்லை. ஆனால், புதிதாக மணமானவர்களும், பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்ட ஐம்பது வயதுத் தம்பதியரும் பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவர்களிடம் இருக்கும் பெரிய வசதி, தேதியைத் தள்ளிவைக்க முடிவதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டே, தள்ளுபடி அறிவிப்புகளையும் செயலிகளின் சலுகைக் குறியீடுகளையும் தேடி அலைகிறார்கள் பலர். ஒரு பயணத்தின் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் சலுகைகள் அல்ல. எந்த வாரம் போகிறோம், போகும் ஊரில் பொதுமக்களுக்கென்று என்னென்ன இருக்கின்றன என்ற இரண்டும்தான்.

இருவரின் கணக்கு

இருவர் பயணத்தில் செலவு இரண்டு வகை. அறை, ஆட்டோ, வாடகைக் கார் ஆகியவை ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ஒரே தொகை. ரயில் பயணச்சீட்டு, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவை தலைக்கு இவ்வளவு என்று கூடுபவை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாடகைக் காரின் செலவை நான்காகப் பங்கிட்டுக்கொள்ளும். இருவருக்கு அது பாதியாகத்தான் குறையும். எனவே, காரை நம்பியிருக்கும் ஊர் இருவருக்குக் கட்டுப்படியாகாது.

மலை வாசஸ்தலங்கள் இங்குதான் பையைக் காலி செய்கின்றன. ஏரி ஒரு பக்கம், காட்சிமுனை இன்னொரு பக்கம், அருவி வேறொரு பக்கம். இவற்றையெல்லாம் இணைக்கும் பேருந்துகள் குறைவு. கார் எடுத்தே ஆக வேண்டும். சாப்பாட்டையும் பெரும்பாலும் விடுதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாக, நல்ல பொதுப் போக்குவரத்தும் பெரிய அருங்காட்சியகங்களும் நடந்து பார்க்கத்தக்க பழைய வீதிகளும் உள்ள ஒரு பெருநகரில், அறைக்குக் கொடுத்தது போக ஒரு நாளை மிகச் சொற்பத் தொகையில் கழித்துவிடலாம். குளிர்காலத்துக்கு என்று அப்படி ஒரு நகரத்தைச் சொல்ல வேண்டுமென்றால், தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் தம்பதியருக்கு முதல் தேர்வு கொல்கத்தா.

ஏன் கொல்கத்தா?

வானிலையிலிருந்தே தொடங்கலாம். ஏப்ரல், மே வெயிலிலும் அதன் பின்வரும் நீண்ட மழைக்காலத்திலும் அந்த ஊரில் நடப்பது சிரமம். டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவு 13, 14 டிகிரி வரை இறங்கியும் இருக்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். கம்பளிக் கோட்டுக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம். டெல்லியின் குளிர்கால மூடுபனியில் ரயில்களும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். சென்னையிலிருந்து ஆந்திர, ஒடிசா கடற்கரையை ஒட்டி, கொல்கத்தாவின் இரட்டை நகரான ஹவுராவுக்குச் செல்லும் பாதையில் அந்தத் தொல்லை குறைவு. கொல்கத்தாவின் குளிர்காலக் காற்றும் மாசுபட்டதுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசத்துடனும் மருந்துடனும் போக வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று இந்த நகரில்தான் ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ வந்தது. ஒரு பெரிய ஆற்றின் அடியில் மெட்ரோ செல்வது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. அரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான ஆற்றுப் பகுதியை ரயில் முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையில் விடுபட்டிருந்த பகுதி திறக்கப்பட்டதும், ஹவுராவிலிருந்து சால்ட் லேக் வரை ஒரே ரயிலில் போக முடிகிறது. அதே நாளில் விமான நிலையத்துக்கும் மெட்ரோ இணைப்பு கிடைத்தது. கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து தொடங்குகிறது. மெட்ரோ வேண்டாமென்றால் சில ரூபாய்க்கு படகில் ஆற்றைக் கடக்கலாம். 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் மீது காசே இல்லாமல் நடந்து, அதன் அடியில் மல்லிக் காட் பூச்சந்தையின் செவ்வந்தி மாலைக் குவியல்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்ததால் சேர்ந்த பொதுச் சொத்துகளும் ஏராளம். 1814-இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. பார்ஹுத் ஸ்தூபியின் சிற்ப வேலிகளையும் எகிப்திய மம்மியையும் பார்க்க அரை நாள் போதாது. 1921-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவிடத்தில் சுற்றியுள்ள தோட்டமே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். இந்த இரண்டிலும் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. ஆற்றுக்கு மறுகரையில், 1787-இல் உருவான சிப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கிறது புகழ்பெற்ற ஆலமரம். பூஞ்சை தாக்கிய அதன் தாய்மரத்தை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நூறாண்டுகளாக விழுதுகளை மட்டுமே ஊன்றிக்கொண்டு அது பரந்து நிற்கிறது. ஜோடாசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு, களிமண் சிலை வடிக்கும் குமார்துளி, பழைய புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் ஸ்ட்ரீட், அதன் நடுவே காபி ஹவுஸ் என்று கால்நடையாகப் பார்க்க வேண்டியவை இன்னும் பல.

இவற்றில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளில் பல ஞாயிற்றுக்கிழமை திறக்காது. திங்கட்கிழமையை தட்சிணேஸ்வரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் ஒதுக்கலாம். தட்சிணேஸ்வரம் வரை மெட்ரோ இருக்கிறது. அங்கிருந்து பேலூருக்குப் படகு கிடைக்கும்.

எந்த வாரம்?

கிறிஸ்துமஸ் இரவில் பார்க் ஸ்ட்ரீட்டின் விளக்கு அலங்காரம் அழகானது. நியூ மார்க்கெட்டில் இருக்கும், 1902-இல் தொடங்கப்பட்ட நஹூம் பேக்கரியின் பிளம் கேக்குக்கு நீளும் வரிசையும் பார்க்கத்தக்கது. ஆனால், அந்த வாரம் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில் பொங்கலுக்குத் தமிழ்நாட்டு ரயில்கள் நிரம்பிவிடும். அதே நாட்களில், மகர சங்கராந்திக்கு கங்காசாகர் தீர்த்தத்தில் நீராடப் போகும் பக்தர்கள் கொல்கத்தா வழியாகச் செல்வதால் அங்கும் கூட்டம்.

எனவே டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள், அல்லது ஜனவரி 20-க்குப் பிந்தைய இரண்டு வாரங்கள் சரியானவை. இரண்டாவதே மேல். 1976 முதல் நடக்கும் கொல்கத்தா புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி பிப்ரவரிக்குள் நீளும், நுழைவு இலவசம், ஹவுராவில் ஏறி கருணாமயி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் காட்சி அருகில்தான். 1952-இல் தொடங்கிய டோவர் லேன் இசை மாநாடும் ஜனவரி பிற்பகுதியில்தான். இரவு முழுக்க இந்துஸ்தானி இசை கேட்கும் அந்த வழக்கம் மார்கழி சபாக்களுக்குப் பழகிய காதுகளுக்குப் புது அனுபவமாக இருக்கும்.

நாக்குக்கும் இதுவே பருவம். குளிர் மாதங்களில் மட்டும் இறக்கப்படும் புதிய பேரீச்சைப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் ‘நோலேன் குர்’ வெல்லத்தில் சந்தேஷும் ரசகுல்லாவும் செய்வார்கள். புவிசார் குறியீடு பெற்ற ஜெய்நகர் மோவா, அந்த வெல்லத்தையும் கனக்சூர் நெற்பொரியையும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை. தெருவோர இனிப்புக் கடையில் இவை எளிய விலைக்கே கிடைக்கும். இட்லி, தோசைக்கு மனம் ஏங்கினால் தென்னிந்தியர்கள் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதி இருக்கிறது.

ரயிலா, விமானமா?

சென்னையிலிருந்து ஹவுராவில் உள்ள ஷாலிமார் நிலையத்துக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மறுநாள் முற்பகலில் சேர்க்கிறது. சுமார் 1,660 கி.மீ.; ஒரு நாளுக்கும் மேலான பயணம். விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். ஆனால், விமானக் கட்டணம் தேவைக்கேற்ப ஏறி இறங்குவது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடு முழுவதும் விமானங்கள் பெருமளவில் ரத்தாகிக் கட்டணங்கள் எகிறியபோது, மத்திய அரசே உச்சவரம்பு வைக்க வேண்டிவந்தது. சென்னை–கொல்கத்தா விமானத் தடம் அடங்கும் 1,000 முதல் 1,500 கி.மீ. வரையிலான தொலைவுக்கு அப்போது வைத்த வரம்பே 15,000 ரூபாய். ரயிலில் அந்த நிச்சயமின்மை இல்லை. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களுக்கு 2016 முதல் இருக்கை நிரம்ப நிரம்ப ஏறும் கட்டண முறை உண்டு. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் பொது ஒதுக்கீட்டில் அது கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் பிப்ரவரிக்கும் ஒரே கட்டணம்தான். அதோடு, ரயிலில் கழியும் ஓர் இரவுக்கு அறை வாடகை மிச்சம். விடுப்பு குறைவாக உள்ளவர்கள் போகும்போது ரயிலும் திரும்பும்போது விமானமுமாகத் திட்டமிடலாம்.

அறைக்கு வருவோம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. விலைப்பட்டியலில் பழைய வரி போடப்பட்டிருந்தால் கேட்டுத் திருத்துவது வாடிக்கையாளரின் உரிமை. வரியைக் காட்டிலும் இடம் முக்கியம். ஊருக்கு வெளியே மலிவாக அறை எடுத்து, தினமும் இருநூறு முந்நூறு ரூபாயை வாடகைக் காருக்குக் கொடுப்பதில் லாபமில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கும் எளிய, சுத்தமான அறையே சிக்கனமானது.

அறை கேட்டு நிற்கும் இருவரிடம் திருமணச் சான்று கேட்கும் விடுதிகள் இன்றும் உள்ளன. மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவையில் சீல் வைக்கப்பட்ட தங்குமிடம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் விடுதிகள் தங்கள் விதிகளை வைத்துக்கொள்கின்றன. நள்ளிரவில் பெட்டியோடு வரவேற்பு மேசையில் நின்று வாதிடுவதைவிட, முன்பதிவின்போதே என்ன ஆவணம் கேட்பார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசுகள் செய்ய வேண்டியது

ஒரு நகரம் எளியவர்களுக்கும் கட்டுப்படியாவது தற்செயல் அல்ல. பல தலைமுறைகளின் பொது முதலீட்டால் நேர்வது. அதைக் கைவிடவும் எளிதில் முடியும். 1873-இல் குதிரை இழுத்த டிராமாகத் தொடங்கி, இந்தியாவில் இன்றும் மிஞ்சியிருக்கும் ஒரே டிராம் சேவை கொல்கத்தாவுடையது. மைதானப் பகுதியில் ஒரே ஒரு பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. நெரிசலைக் காரணம் காட்டி, புகையில்லாத, மலிவான வாகனத்தை அகற்றுவது தவறான முடிவு. அதை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சென்னைக்கும் இதில் பாடம் உண்டு. மார்கழி இசைக்காக டிசம்பரில் வெளியூர்த் தம்பதியர் பலர் இங்கு வருகிறார்கள். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு தரும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது நல்ல தொடக்கம். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை டிசம்பர், ஜனவரியிலாவது இரவு எட்டு மணி வரை திறந்து வைப்பதும், மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களுக்கு அருகில் அரசே நியாய வாடகையில் சுத்தமான இருவர் அறைகளை அமைப்பதும் அடுத்த படிகளாக வேண்டும்.

பயணம் போக நினைப்போர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது; முன்பதிவு காலை 8 மணிக்குத் தொடங்கும்; தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்குகளுக்கே அனுமதி. கணக்கை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். ஜனவரி கடைசி வாரம் கிளம்ப வேண்டுமென்றால், நவம்பர் கடைசி வாரத்திலேயே பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள்.