பொதுக் கடலுக்குப் பட்டாவா?

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து உலைக்கு நிலக்கரி எப்படி வருகிறது? கடல் வழியே கப்பலேறி, காமராசர் துறைமுகத்தில் இறங்கி வருகிறது. ஆகவே, கடலைப் பற்றிய பேச்சு தொழிலாளிக்கு எதற்கு என்று எந்தத் தோழரும் கேட்கமாட்டார்.

2017 சனவரி 28, விடியற்காலை. அத்துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. ஒன்றில் இந்தியக் கொடி. மற்றொன்றில் மான் தீவின் கொடி. எண்ணெய் கொட்டி, எண்ணூரிலிருந்து மெரினாவரை கரை கறுத்தது. இயந்திரங்கள் திணறின. வாளியும் கையுமாய் இறங்கியவர் யார்? மீனவரும் மாணவரும் தொழிலாளரும் அன்றோ! கொடிகள் எவருடையவையோ, கறை படிந்த கைகள் நம்முடையவை.

அது நமது சட்டம் செல்லும் கடல். அங்கேயே இந்தக் கதி என்றால், எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத நடுக்கடலின் கதி என்ன?

உலகுக்குத் தனி அரசு இல்லை, எனவே வலிமையே வழக்கு என்கிறார்கள் அறிஞர் சிலர். நாடுகள் கூடி விதி வகுத்தால் வலியவனும் அடங்குவான் என்கிறார்கள் வேறு சிலர். முன்னவர் சொல்வதை நம் பாட்டி என்றோ சொல்லிவிட்டாள்: வல்லான் வகுத்ததே வாய்க்கால்!

அந்த வாய்க்காலை மறிக்க ஒருவர் எழுந்தார். 1967-இல் ஐ.நா. மன்றத்தில், சின்னஞ்சிறு மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்து என்றார். படை பலம் இல்லை, நியாயம் இருந்தது. சிறிய நாடுகள் சேர்ந்து நின்றன. 1982-இல் அது கடற்சட்ட ஒப்பந்தத்தில் ஏறிற்று.

அமெரிக்கா இன்றுவரை அதில் சேரவில்லை. 2025 ஏப்ரலில் அதன் அதிபர், அந்தப் பொதுக் கடலடியின் கனிமத்தை அள்ளவும் தம் நாட்டுச் சட்டப்படியே உரிமம் வழங்க வழிசெய்து ஆணையிட்டார். ஊர்ப் பொதுக் குளத்துக்குப் பண்ணையார் தாமே பட்டா எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஏட்டில் விதி இருந்தால் போதுமா? போதாது. தொழிலாளர் சட்டத்தை எந்த முதலாளியும் தானாகத் தந்ததில்லை. சங்கம் கட்டி வாங்கினோம். சங்கம் விழித்திருக்கும் வரைதான் அதற்கு உயிர். கடற்சட்டமும் அப்படித்தான்.

டில்லிக்கு ஒரு சொல். இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் கடலடியில் கனிமம் தேடும் உரிமையை, அந்த ஒப்பந்தம் அமைத்த ஆணையத்திடம் 2002-இல் பெற்ற நாடு நமது. விதியால் உரிமை பெற்றவர், விதி மிதிபடும்போது வாய்மூடி நிற்கலாகாது. சிறியவர் சங்கம் கலைந்தால், நாளை வாளியோடு இறங்கப்போவது மீண்டும் நாம்தான்!