தாலி ஏறினால் வேலை இறங்கணுமா?

ஆணுக்குக் கல்யாணம் ஆனால் "பொறுப்பு வந்துடுச்சு" என்கிறது ஊர். பெண்ணுக்கு ஆனால் "இனிமே அடிக்கடி லீவு போடுவா" என்கிறது கம்பெனி. என்னங்க கணக்கு இது?

உத்திரமேரூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கிறது பாக்ஸ்கான். அங்கே கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. அடுத்த மாதம் தொழிலாளர் துறை அதிகாரிகள் நேரில் போனபோது கம்பெனி கொடுத்த கணக்கு இது: மொத்தம் 41,281 பேர். பெண்கள் 33,360. அவர்களில் கல்யாணமானவர்கள் 2,750. அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர்!

ஆள் எடுப்பவர்கள் சொன்னதாக வந்த காரணங்கள்: குடும்பச் சுமை, பிரசவம், மெட்டி, தாலி. உலோகம்தான் இடைஞ்சல் என்றால் கழற்றி வைக்கச் சொன்னால் போதுமே? பிரசவச் செலவா? இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்குப் பேறுகாலப் பணம் தருவது இ.எஸ்.ஐ. கம்பெனி இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அன்று இருந்தது 1976-ம் வருஷத்து சம ஊதியச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு. இரண்டுமே ஆண், பெண் என்று பார்ப்பதைத்தான் தடுக்கின்றன. "திருமண நிலை" என்ற வார்த்தை இல்லை. "எங்களிடம் பெண்கள்தானே அதிகம்?" என்று எந்த முதலாளியும் நழுவிவிடலாம்.

கல்யாணம் செய்ததற்காக 1988-ல் வேலையிழந்த ராணுவச் செவிலியர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2024-ல். 36 வருஷம் கழித்து! அதுவும் அரசு வேலை. தனியார் ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண் எங்கே போவாள்?

விளம்பரத்தில் திருமண நிலையைப் போட வேண்டாம் என்று பாக்ஸ்கான் ஏஜென்ட்டுகளிடம் சொன்னதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் அழித்தது மனசிலும் அழிந்துவிடுமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த விதிகளும் பலரை ஒதுக்கியவைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தன, எதிர்த்துப் பேச முடியும். வாய்வழி விதியை எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

பிரிட்டன் இதை 1975-லேயே சட்டத்தில் எழுதிவிட்டது. இங்கே தேவை இரண்டே வார்த்தை: "திருமண நிலை". வேலைக்கு ஆள் எடுக்கும் சட்டத்தில் அதைச் சேருங்கள், தனியாருக்கும் சேர்த்து.