"உன் தவறு இல்லை" என்று யார் சொல்வது?

2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிறகு அவன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்ததும் கொண்டாடினோம். அந்தப் பிள்ளைகள் இரவில் தூங்குகிறார்களா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற அமெரிக்க நிபுணர்கள் மூவர் உருவாக்கியது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். கெட்ட கனவும் திடுக்கிடலும் பைத்தியமல்ல, பயந்த உடம்பின் இயல்பு என்று முதலில் புரியவைப்பார்கள். பதற்றத்தைத் தணிக்கப் பழக்குவார்கள். பிறகுதான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவோ எழுதவோ வரையவோ வைப்பார்கள். அப்போது "என்னால்தான் இப்படி ஆச்சு" என்ற எண்ணம் வெளியே வரும். அதைக் குழந்தையோடு சேர்ந்தே களைவார்கள். பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு.

சாதி விதைக்கும் எண்ணமும் இதுவேதான்: குற்றம் உன் பிறப்பில் இருக்கிறது என்பது. அதனால் இந்தச் சிகிச்சை நமக்குத் தேவை. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்குப் போகும் சேரிக் குழந்தையின் பயம் பழைய நினைவு மட்டுமல்ல, இன்றைய ஆபத்தும்கூட. அதை வெறும் தவறான எண்ணம் என்று சொல்லி மூச்சுப்பயிற்சி மட்டும் கொடுக்கும் ஆலோசகர், சாதியைக் குழந்தையின் நோயாக்கிவிடுகிறார். பாதுகாப்பை உறுதிசெய்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டது 2003இல். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். அன்று பிறந்த குழந்தைக்கு அதற்குள் 18 வயது. நீதிக்காகப் போராடுவோம், ஆனால் சிகிச்சை தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிக்க நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அவர்களுக்கு இந்தச் சிகிச்சை பற்றியும் சாதி பற்றியும் பயிற்சி வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குக் கூலிக்குப் போகும் அம்மாவால் 12 வாரம் வேலையை விட்டு வர முடியுமா? மாலை நேர அமர்வும், இழந்த கூலிக்கு ஈடும் கேட்போம். வன்கொடுமை வழக்குகளில் நிவாரணத் தொகைக்குக் குரல் கொடுக்கும் நாம், இதையும் அந்தக் கோரிக்கை மனுவில் எழுத வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போகும்போது, மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் பாருங்கள்.