மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுவதை நாம் வெளிப்படையாகப் பேசுகிறோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு 180, உங்களுக்கு எவ்வளவு?" என்று சத்தமாகவே விசாரிக்கிறோம். மனநோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைத்த பொருளை யாரும் சரிபார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் பகுதிகளில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன். வேலூரிலோ சென்னையிலோ ஒரு முறை டாக்டரிடம் காட்டுவார்கள். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு இங்கே மெடிக்கல் ஷாப்பில் வருஷக் கணக்காக அதே மாத்திரையை வாங்குவார்கள். மூன்று மாதத்தில் வரச் சொன்னதும், ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னதும் மறந்தே போகும். லீவு கிடைக்கவில்லை, உள்ளூர் டாக்டரிடம் மனசில் இருப்பதைத் தெலுங்கில் சொல்ல வரவில்லை என்பார்கள். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் மருந்துக்கு நம் காரணங்கள் தெரியாது.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். புதுத் தண்டவாளம் போட்டதோடு எங்கள் வேலை முடிந்துவிடாது. கீமேன் தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து பார்த்தாக வேண்டும். பல வருஷமாக விபத்தே இல்லை என்பதால் இந்த நடை வீண் என்று யாரும் நிறுத்தியதில்லை. மனநல மாத்திரைகளுக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். அளவு மீறிய உற்சாகமும் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு இது அருமையான மருந்து. அந்த உற்சாக வெறியை இது அடக்கும் என்று 1949-இல் எழுதியவர் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட். இன்றும் இது பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கி வைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுவதாக நேர்ந்துகொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! வேண்டுதலை விடச் சொல்லவில்லை. லித்தியம் சாப்பிடுபவர் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வாந்தி பேதி வந்தாலும் இதே கவனம் தேவை. மூட்டு வலிக்கு நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட மருந்தே வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்களுக்கு குளோசபின் கதையைச் சொல்கிறேன். 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கின. ஆனால் வேறு எதற்கும் அடங்காத மனச்சிதைவு இதற்கு அடங்கியது. அதனால் ரத்தத்தைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1989-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. கண்காணிப்பு இருந்ததால்தான் மருந்து திரும்பி வந்தது.

மற்ற மருந்துகளுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒலான்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். ஆரம்பத்தில் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, பிறகு வருஷா வருஷம் பார்க்க வேண்டும். ஹாலோபெரிடால் கை கால்களை இறுக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அதற்கு வழி உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; குமட்டலோ முதல் வாரமே வந்துவிடும். அதைக் கண்டு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தூக்கத்துக்கென்று மாதக் கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். எந்த மாத்திரையையும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது கசப்பான ஒரு விஷயம். பெண்ணுக்கு வரன் அமைந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறோம்; இல்லாவிட்டால் புகுந்த வீட்டில் மறைத்துச் சாப்பிடச் சொல்கிறோம். நிறுத்தினால் நோய் திரும்பும். மறைத்தால் வேறோர் அபாயம் உண்டு. வால்புரோயேட் என்ற மாத்திரையைச் சாப்பிடும்போது கருவுற்றால், பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வருகிறது. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. நாம் மறைப்பதற்கு அந்தப் பெண்ணும், பிறக்கப்போகும் குழந்தையுமா விலை கொடுப்பது?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். அந்த நான்காவது ஆள் நாம்தான். சித்தூருக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கைக்கொண்டதும் இதனால்தான்.

ஆகவே என் யோசனை இது. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, எடை, ரத்தப் பரிசோதனை முடிவு, அடுத்த பரிசோதனை நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, அதைக் காட்டுங்கள். பாஷை தெரியாதவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போக நம் சங்க உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் முன்வரலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மாத்திரை வாங்கிக் கொடுப்பது பாதி வேலை. பார்த்துக்கொள்வது மீதி. புடவைக்கு அடியில் இருப்பதை இன்றே வெளியே எடுத்து, சீட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். எத்தனை வருஷமாயிற்று?